மெமரி கார்டை ஃபார்மேட் செய்வதா, படங்களை அழிப்பதா?

நண்பர் கேட்டிருப்பது இது: நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கிறார். வேலை முடிந்ததும் படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, கேமராவில் ‘எல்லாப் படங்களையும் அழி’ என்று கொடுத்து, அதே கார்டை அடுத்த வேலைக்கு எடுத்துப் போகிறார். கூடப் படம் எடுப்பவர்களில் ஒருவர், “டெலீட் பண்ணவே கூடாது, கார்டு கெட்டுப்போகும், ஃபார்மேட்தான் பண்ணணும்” என்கிறார். இன்னொருவர், “அடிக்கடி ஃபார்மேட் பண்ணினால் கார்டோட ஆயுள் குறையும்” என்கிறார். யார் சொல்வது சரி?

இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. கார்டுக்கு எது நல்லது என்பது ஒன்று. எடுத்த படம் தொலையாமல் இருக்க எது நல்லது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: இரண்டினாலும் கார்டு கெடாது. இரண்டாவதுதான் முக்கியம், அதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அழிந்துபோன படங்களைக் கார்டிலிருந்து மீட்டுத் தரும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்கள் இரண்டு தனித்தனி இடங்களில் பத்திரமாக இருக்கின்றன என்று சரிபார்த்த பிறகு, அடுத்து எந்தக் கேமராவில் கார்டைப் போடப் போகிறீர்களோ அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது அழிக்கவும் வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு படத்தை அழிக்கும்போது படம் அழிவதில்லை. கார்டில் ஒரு பகுதி படங்களின் தரவுக்கு, இன்னொரு சிறிய பகுதி எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலுக்கு. 32 ஜிபி வரையிலான எஸ்டி கார்டுகளில் இந்தப் பட்டியல் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும், அதற்கு மேல் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 கார்டில் ஒரு ஃபைலை அழித்தால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ‘இது அழிக்கப்பட்டது’ என்று காட்டும் ஒரு குறி விழும். அந்த ஃபைல் பிடித்திருந்த இடங்கள் காலி என்று குறிக்கப்படும். எக்ஸ்ஃபேட்டில் இன்னும் குறைவு, ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற அடையாளத்தை அணைத்துவிட்டு, இடத்தை விடுவித்துவிடும். 25 எம்பி ரா ஃபைல் (சென்சார் தந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) ஒன்றை அழிக்கும்போது கார்டில் மாறுவது அதிகம் போனால் சில கிலோபைட்டுகள்தான். படம் அங்கேயே இருக்கும், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை.

ஃபார்மேட் என்றாலும் கதை ஏறக்குறைய இதேதான். பட்டியலில் ஒவ்வொரு வரியாகத் திருத்தாமல், பட்டியல் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக, காலியாக ஒன்று எழுதுகிறது. தரவுப் பகுதியைப் பொதுவாகத் தொடுவதில்லை. இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 64 ஜிபி கார்டை நொடிக்கு 60 எம்பி வேகத்தில் முழுக்க எழுதி நிரப்ப 17, 18 நிமிடங்கள் ஆகும். கேமராவோ ஓரிரு நொடியில் ‘முடிந்தது’ என்கிறது. அந்த நேரத்தில் அது எல்லாவற்றின் மேலும் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. கேனான் தன் கேமராக் கையேடுகளிலேயே இதை வெளிப்படையாகச் சொல்கிறது: ஃபார்மேட் செய்தாலும் அழித்தாலும் ஃபைல் நிர்வாகத் தகவல்தான் மாறும், உண்மையான தரவு முழுதாகப் போய்விடுவதில்லை. முழுதாகப் போக வேண்டும் என்பவர்களுக்காக அதன் பல மாடல்களில் ‘லோ லெவல் ஃபார்மேட்’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் சில படங்களுக்குச் சாவி அடையாளம் போட்டுப் பாதுகாத்து வைத்திருந்தால், ‘எல்லாவற்றையும் அழி’ அவற்றை விட்டுவைக்கும். ஃபார்மேட் விட்டுவைக்காது. பாதுகாத்த படம்தானே, தப்பித்துவிடும் என்று நம்பி ஃபார்மேட் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் ஏன் ஃபார்மேட்டை வலியுறுத்துகிறேன்? அழிக்கும் வேலை, இருக்கிற பட்டியலை நம்பிச் செய்யும் வேலை. ஃபார்மேட் அதை நம்புவதில்லை. என் பார்வையில் இதுதான் முதன்மையான காரணம். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற இந்த ஃபைல் முறைகள், அதாவது பட்டியல் வைக்கும் முறைகள், எளிமையானவை. கம்ப்யூட்டர்களில் இருக்கும் என்டிஎஃப்எஸ் போல, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு செய்யும் பழக்கம் இவற்றுக்குக் கிடையாது. எந்த இடம் காலி, எது நிரம்பியது என்ற இடக்கணக்கின் நகல் ஃபேட்32இல் வழக்கமாக இரண்டு இருக்கும், எக்ஸ்ஃபேட்டில் பொதுவாக ஒன்றுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தாலோ, சிவப்பு விளக்கு எரியும்போதே கார்டை உருவினாலோ பட்டியலில் ஒரு சிறு முரண் விழும். காலியாக உள்ள இடத்தை நிரம்பியதாகக் காட்டும், அல்லது ஒரே இடத்தை இரண்டு ஃபைல்களுக்குச் சொந்தமாகக் காட்டும். நீங்கள் படங்களை அழித்து அழித்துப் பயன்படுத்தும்போது இந்த முரண் கூடவே பயணம் செய்யும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல வேலைகள் கழித்து, ஒரு படத்தின் கீழ்ப்பாதியில் வேறொரு படம் ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் தெரியும். ஃபார்மேட் செய்தால் ஒவ்வொரு வேலையும் சுத்தமான பட்டியலோடு தொடங்குகிறது.

அப்புறம், கேமரா கார்டில் வைப்பது படங்களை மட்டுமல்ல. டிசிஐஎம் என்ற ஃபோல்டர், அதற்குள் 100 முதல் 999 வரை எண்ணிட்ட ஃபோல்டர்கள், வீடியோவுக்கு வேறு ஃபோல்டர்கள், சில கேமராக்களில் படங்களைப் பற்றிய ஒரு தரவுத்தள ஃபைல் என்று ஒரு கட்டமைப்பே இருக்கும். சோனி கேமராக்களில் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படங்களைக் கையால் அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், அந்தத் தரவுத்தளத்துக்கும் உண்மையில் இருக்கும் ஃபைல்களுக்கும் பொருந்தாமல் போய், தரவுத்தளத்தைச் சீராக்கவா என்று கேமரா கேட்பது இதனால்தான். மேக் கம்ப்யூட்டரில் இன்னொரு சிக்கல். அங்கே கார்டிலுள்ள படங்களைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டால், அவை அதே கார்டிலுள்ள ஒரு மறைவான ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குப்பைத்தொட்டியைக் காலி செய்யாமல் கார்டை எடுத்துவிட்டால், கேமராவில் படம் ஒன்றும் தெரியாது, கார்டு மட்டும் நிரம்பியிருக்கும். விண்டோஸில் நேர் எதிர்: எஸ்டி கார்டிலிருந்து அழித்தால் வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே போய்விடும். ஆகவே கம்ப்யூட்டரில் கார்டைத் திறந்தால் படங்களை நகலெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்குமிங்குமாகப் படங்களை அழித்தால் காலி இடமும் அங்குமிங்குமாகச் சிதறும். புதிய பெரிய ஃபைல் அந்தத் துண்டுகளுக்குள் பிரிந்து உட்கார வேண்டிவரும். கார்டின் மேல் வி30 என்று போட்டிருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி தொடர்ந்து எழுதும் என்று பொருள். ஆனால் எஸ்டி கார்டுகளின் வேக வகுப்பு, முழுதாகக் காலியாக உள்ள பெரிய தொகுதிகளில் எழுதுவதை வைத்து வரையறுக்கப்பட்டது. பாதி நிரம்பி, பாதி சிதறிக் கிடக்கும் கார்டில் அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது. நல்ல கார்டுதான், ஆனாலும் பதிவு நடுவில் நின்றுவிடுகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது ஃபார்மேட் செய்தீர்கள் என்றுதான். துண்டு துண்டான ஃபைல்களில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. தொலைந்தால் மீட்பது மிகக் கடினம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி ஆயுள் பற்றி. கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் இத்தனை தடவைதான் அழித்தெழுதத் தாங்கும் என்ற வரம்பு உண்மையிலேயே உண்டு. ஃபார்மேட் ஆயுளைக் குறைக்கும் என்ற பேச்சு இதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அளவைப் பாருங்கள். கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மேட் எழுதுவது சில எம்பிகள். 64 ஜிபி கார்டு நிறையப் படம் எடுத்தால் நீங்கள் எழுதுவது அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. தேய்மானம் வருவது படம் எடுப்பதால். பட்டியல் இருக்கும் இடம் மட்டும் தேய்ந்துவிடாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கார்டுக்குள் ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் எழுதுவதாகத் தெரிந்தாலும், உள்ளே அது எழுத்தை வெவ்வேறு தொகுதிகளுக்குப் பரப்பிவிடும். எனவே ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் தயங்காமல் ஃபார்மேட் செய்யலாம். முழுக் கார்டின் மேலும் எழுதும் வகை ஃபார்மேட் மட்டும் கார்டை ஒருமுறை நிறைப்பதற்குச் சமமான தேய்மானம் தரும். அதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை, எப்போதாவது செய்தால் கெடுதலும் இல்லை.

டெலீட் பண்ணினால் கார்டு கெட்டுவிடும் என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கார்டு இயங்கும் விதத்தில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பட்டியலில் இவ்வளவு சிறிய மாற்றத்தால் சிப் கெடாது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னால் ஊகம்தான் சொல்ல முடியும்: நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாக அழிக்கும்போது கேமரா பட்டியலைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறது, அதற்கு நேரமாகிறது, அந்த இடைவெளியில் பேட்டரி தீர்ந்தால் பட்டியல் குழம்புகிறது. குழம்பிய கார்டைப் பார்த்தவர், டெலீட்தான் கெடுத்தது என்று சொல்லியிருப்பார். பட்டியல் குழம்புவதும் கார்டு கெடுவதும் ஒன்றல்ல.

இருந்தாலும் வேலைக்கு நடுவே கேமராவில் படங்களை அழிக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன், வேறு காரணத்துக்காக. மூன்று அங்குலத் திரையில், அவசரத்தில், வெயிலில் நின்றுகொண்டு எது நல்ல படம் என்று முடிவெடுக்க முடியாது. ரா ஃபைலாக எடுத்தாலும் திரையில் தெரிவது அதனோடு சேர்ந்திருக்கும் சிறிய ஜேபெக்தான். அதில் இருட்டாகத் தெரிவது ரா ஃபைலில் நன்றாகவே மீளலாம். அழிக்கும் பொத்தானை விறுவிறுவென்று அழுத்திக்கொண்டே போகும் விரல், வேண்டிய படத்திலும் ஒருமுறை அழுத்திவிடும். ‘இந்தப் படம்’ என்பதற்குப் பதில் ‘எல்லாப் படமும்’ தேர்வாகிவிடுவதும் நடக்கிறது. இடம் போதவில்லை என்றால் இன்னொரு கார்டைப் போடுங்கள். வேறு வழியே இல்லாமல் இரண்டு மோசமான படங்களை அழித்தால் கார்டுக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

ஃபார்மேட்டைக் கேமராவில் செய்வதா, கம்ப்யூட்டரில் செய்வதா? கேமராவில். தனக்கு வேண்டிய ஃபைல் முறை, தொகுதி அளவு, ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் கேமரா தானே அமைத்துக்கொள்ளும். விண்டோஸில் கவனிக்காமல் என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுத்துவிட்டால் கேமராவால் அந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது. கேமராவே ஃபார்மேட் செய்ய மறுத்து, கம்ப்யூட்டரில் செய்தாக வேண்டிய நிலை வந்தால், எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கார்டின் உள் தொகுதிகளோடு எல்லைகள் பொருந்தும்படி அது அமைத்துத் தரும். அதன்பின் கேமராவில் இன்னொரு முறை ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். இரண்டு கேமராக்களுக்கு இடையே கார்டை மாற்றுபவர்களும், மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய கேமராவில் ஃபார்மேட் செய்வது நல்லது. செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் ஒரு கேமராவின் படங்கள் மற்றதில் தெரியாமல் போவதும், வெறும் கார்டு என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடுவதும் அப்படித்தான் நடக்கின்றன.

என்னிடம் வரும் கார்டுகளில் பெரும்பாலானவை பழுதான கார்டுகள் அல்ல. நகலெடுக்காமல், அல்லது பாதியில் நின்ற நகலை முழுதென்று நம்பி, ஃபார்மேட் செய்யப்பட்ட நல்ல கார்டுகள். அதனால் எந்தப் பொத்தான் என்பதைவிட எப்போது என்பதில்தான் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். கார்டிலிருந்து படங்களை நகலெடுங்கள், ‘கட்’ செய்து ஒட்டாதீர்கள். இடையில் கேபிள் ஆடினால் இரு பக்கமும் இல்லாமல் போகலாம். நகலெடுத்த பிறகு ஃபைல்களின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் கார்டோடு ஒப்பிடுங்கள். சிறு உருவங்கள் வரிசையாகத் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள். ஃபைலின் தொடக்கப் பகுதி வந்திருந்தாலே சிறு உருவம் தெரிந்துவிடும், பின்பாதி இல்லாமலிருக்கலாம். முதலிலும் நடுவிலும் கடைசியிலும் சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். பிறகு தனி ஹார்ட் டிஸ்கில் இரண்டாவது நகல். அதற்குப் பிறகும் உடனே ஃபார்மேட் செய்ய வேண்டாம். கார்டை அப்படியே வைத்திருந்து, அடுத்த வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பேட்டரி போதுமான அளவு இருக்கும்போது செய்யுங்கள். அதுவரை அந்தக் கார்டு காசில்லாமல் கிடைத்த மூன்றாவது நகல்.

தவறி ஃபார்மேட் செய்துவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். ஒரு படம்கூட எடுக்காதீர்கள், சோதனைக்காகக்கூட. எஸ்டி கார்டின் ஓரத்திலுள்ள சிறு பூட்டைத் தள்ளிவிடுங்கள். ஆனால் அது வெறும் பிளாஸ்டிக் தடுப்புதான், கார்டுக்கே தான் பூட்டப்பட்டிருப்பது தெரியாது. கேமராவும் ரீடரும் அதைப் பார்த்து மதித்தால்தான் உண்டு. கம்ப்யூட்டர் ‘இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிழை திருத்தும் கருவிகளையும் ஓட்ட வேண்டாம், அவை கார்டிலேயே எழுதும். முடிந்தால் முதலில் கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாக, அதாவது கார்டின் அச்சு அசல் நகலாக, கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு, மீட்பு வேலையை அந்த நகலின் மேல் செய்யுங்கள். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் இதற்கு நல்ல கருவி, இலவசம். அது பட்டியலைப் பார்ப்பதே இல்லை. தரவைத் தொடக்கத்திலிருந்து படித்து, ஜேபெக் போன்ற ஃபைல்கள் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துப் பொறுக்கி எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது, படம் வரும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமித்துவிடாதீர்கள்.

இதில் எதற்கு உத்தரவாதம் உண்டு, எதற்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுத்தமாக ஃபார்மேட் செய்த கார்டில் வரிசையாக எடுத்த புகைப்படங்கள், மேலே எதுவும் எழுதப்படாதவரை, பெரும்பாலும் நன்றாகவே மீளும். ஒவ்வொரு ஃபைலும் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் இருப்பதுதான் காரணம். வீடியோ அப்படியல்ல. பெரிய ஃபைல் துண்டுகளாகச் சிதறியிருந்தால் எந்தத் துண்டுக்குப் பின் எது என்று சொல்ல ஆளில்லை. பதிவு முழுமையாக முடியாமல் நின்றிருந்தால், வீடியோவின் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும், வழக்கமாகக் கடைசியில் எழுதப்படும் உள் குறிப்பும் இருக்காது. மேலே எழுதப்பட்டுவிட்ட இடத்தை யாராலும் மீட்க முடியாது, எவ்வளவு பணம் கேட்டாலும். இன்னொரு வரம்பும் உண்டு: ஃபார்மேட்டின்போது கேமரா கார்டுக்கு ‘இந்த இடங்களை உண்மையிலேயே அழித்துவிடு’ என்ற கட்டளையையும் அனுப்பினால், சில நொடிகளிலேயே எல்லாம் வெறுமையாகிவிடும். எஸ்டி கார்டுகளில் அப்படியொரு கட்டளை இருக்கிறது. உங்கள் கேமரா அதை அனுப்புகிறதா என்று வெளியிலிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்களே சோதிக்கலாம். முக்கியமில்லாத கார்டில் சில படங்கள் எடுத்து, ஃபார்மேட் செய்து, ஃபோட்டோரெக்கை ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால், உங்கள் கேமராவில் ஃபார்மேட் என்பது திரும்பி வர முடியாத முடிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட் செய்த பிறகும் கார்டு பிழை காட்டினால், அதை, எழுதிப் படித்துச் சரிபார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw) அல்லது எஃப்3 (F3) என்ற கருவியால் முழுக்கச் சோதியுங்கள். அறிவித்த கொள்ளளவே இல்லாத போலிக் கார்டுகளையும் இவை காட்டிக்கொடுக்கும். ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டை வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கடைசியாக, கேட்காத ஒன்று. கார்டை விற்பதானாலோ யாருக்காவது கொடுப்பதானாலோ, டெலீட்டும் போதாது, சாதாரண ஃபார்மேட்டும் போதாது என்பது இதுவரை சொன்னதிலிருந்தே தெரிந்திருக்கும். மற்றவர்களின் குடும்பப் படங்கள் அதில் இருந்திருக்கின்றன, அவர்கள் நம்பிக் கொடுத்தவை. எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டரில் முழுதாக மேலெழுதும் தேர்வைக் கொடுங்கள், அல்லது கேமராவில் லோ லெவல் ஃபார்மேட் இருந்தால் அதைச் செய்யுங்கள். செய்த பிறகு மீட்புக் கருவியை ஒருமுறை ஓட்டி, ஒன்றும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு கொடுங்கள். அப்போதும் கட்டுப்பாட்டுச் சிப் ஒதுக்கி வைத்திருக்கும் தொகுதிகளில் எச்சம் இருக்க வாய்ப்புண்டு, சாதாரண மென்பொருளால் அதை எட்ட முடியாது என்றாலும். வெளியே போகவே கூடாத படங்கள் இருந்த கார்டு என்றால் யாருக்கும் கொடுக்க வேண்டாம், உள்ளிருக்கும் சிப் உடையும்படி நொறுக்கிவிடுங்கள்.